மஞ்சள் தவளைக்கு வழிவிட்ட வேகத்தடைகள்

வெண்ணாம்பாளையத்துக்காரர்களிடம் அந்த வருசத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முதலில் மழை நல்ல மழை என்பார்கள், அடுத்ததாகச் சம்பூரணத்தின் தம்பி சென்னியப்பனுக்கு நாற்பதை நெருங்குகிற வயசில் ஒருவழியாகப் பெண் கிடைத்தது என்பார்கள், அந்த அதிசயத்தைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், "ஆமாங், அப்பத்தான் ரோட்டுல கெடந்த ஸ்பீடு பிரேக்கரெல்லாம் எந்திரிச்சுப் போச்சுங்" என்று ஞாபகம் வந்தவர்களாகச் சொல்வார்கள்.

சம்பூரணத்துக்கு மட்டும் வரிசை வேறு. அவளைப் பொறுத்தவரை அந்த வருசத்து இம்சை மொத்தமும் ஒரு தேங்காயில் ஆரம்பித்தது.

அவள் புருசன் அர்த்தனாரி போர்வெல் ரிக் வண்டிக்காரர். வடக்கே ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். ஒருநாள் ஏதோ ஒரு வடக்கத்தி நெடுஞ்சாலையில் ரிக் லாரியில் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் மஞ்சளாக ஒன்று வந்தது. "அட" என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்வதற்குள் அது அடுத்த ஜில்லாவுக்குப் போய்விட்டது. அந்த "அட" வெளியே வராமல் அவர் தொண்டையிலேயே தங்கிவிட்டது. சோறு தின்னும்போது இருந்தது, தண்ணி குடிக்கும்போது இருந்தது, மகனிடம் வண்டிகளை ஒப்படைத்துவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்தபோதும் கூடவே வந்து உட்கார்ந்தது. "அந்த மாதிரி ரேஸ் காரு ஒண்ணை ஓட்டிப் பாத்துட்டாத்தான் புள்ள எனக்குத் தொண்டை தெளியும்" என்றார். புதுசு வாங்குகிற சங்கதி அல்ல அது, பழசு போதும் என்று வீட்டில் இருந்த ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது ராக்கியண்ணனையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

ராக்கியண்ணன் நீரோட்டம் பார்க்கிறவர். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார், அடியில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தேங்காய் எழுந்து நட்டுக்கொண்டு நிற்கும், அங்கே துளை போடுவார்கள். ராக்கியண்ணன் தேங்காய் பார்க்காமல் அர்த்தனாரி எதையும் தொடங்கியதில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ராக்கியண்ணன் பைக்குள் ஒரு தேங்காய் இருந்தது.

பெங்களூரில் கண்ணாடிக் கட்டடம், உள்ளே சில்லென்ற காற்று, வரிசையாகப் படுத்துக் கிடக்கிற கார்கள், கழுத்தில் டை கட்டிய ஒரு பையன். அவன் இந்தக் காரின் இழுவை இவ்வளவு, அந்தக் காரின் பாய்ச்சல் இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தான். அர்த்தனாரி அவனை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை, அவர் கண் முழுக்கத் தேங்காயின் மேல். ராக்கியண்ணன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கார்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்தார். கறுப்புக் காரிடம் தேங்காய் சும்மா கிடந்தது. சிவப்புக் காரிடம் லேசாகப் புரண்டது. மூலையில் பம்மிக் கிடந்த மஞ்சள் காரிடம் போனதும் நெட்டுக்குத்தலாக எழுந்து நின்று, பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"மாப்ள, இதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் ராக்கியண்ணன்.

வெள்ளைக் காரை அங்கேயே கொடுத்துவிட்டு மஞ்சள் காரில் வந்து இறங்கினார் அர்த்தனாரி. வாசலுக்கு ஆரத்தித் தட்டோடு வந்த சம்பூரணம் காரை முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள்.

"மிச்சக் காரு எங்கீங்க?"

"அவ்வளவுதான் புள்ள காரு."

"ரெண்டே சீட்டா? ஒறம்பரை, சொந்தம்னு வந்தா மடியில வெச்சுக்கிட்டா போவீங்க?"

இருந்தாலும் புருசன் ஆசைப்பட்டாரே என்று, உட்காருவதற்கு முதுகை வளைத்து, காலை மடக்கி, கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கி உட்கார்ந்தாள். அவர் ஏசியைப் போட்டார். குப்பென்று ஏரி நாற்றம் அடித்தது. காற்று வருகிற ஓட்டையிலிருந்து ஒரு நத்தை தலையை நீட்டி, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் கண்ணாடிப் பக்கம் நடக்க ஆரம்பித்தது. ஏதோ ஒரு வெள்ளத்தில் அந்தக் கார் மூழ்கிக் கிடந்திருக்கிறது என்பது அப்போதுதான் அர்த்தனாரிக்கு உறைத்தது.

"தேங்கா சரியாத்தானுங்க சொல்லியிருக்குது" என்றாள் சம்பூரணம். "அதுக்குத் தண்ணியத் தவிர வேறென்ன தெரியும்?"

காரின் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. மஞ்சளாக, தட்டையாக, தரையோடு ஒட்டிக் கிடந்ததாலும், உள்ளே ஏரி வாசம் அடித்ததாலும் மஞ்சத்தவளை என்றார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மைலேஜ் என்னங் குடுக்குது?" பால் சொசைட்டிக்காரரும் கேட்டார், பூசாரியும் கேட்டார், சாவுக்கு வந்த அயலூர்க்காரர்கூடத் துண்டை வாயில் பொத்திக்கொண்டு கேட்டார். "இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் மைலேஜ் பாக்கக் கூடாதுங்" என்று அர்த்தனாரி சொல்வார். அவர்கள் அவரை, சீக்காளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் தவளை தாவ வேண்டுமே. வெண்ணாம்பாளையத்தில் செல்வாக்கு உள்ளவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டு முன்னால் ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். முன்னாள் சேர்மன் வீட்டு முன்னால் ஒன்று, அவருக்குத் தோற்றவர் வீட்டு முன்னால் அதைவிட உயரமாக ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு, ரேசன் கடைக்கு, டீக்கடைக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மாரியம்மன் கோயில் முன்னால் படுத்த எருமை உயரத்துக்கு ஒன்று. ஊர்க்காரர்கள் அவற்றை மேடு என்பார்கள்: சேர்மன் மேடு, ஸ்கூல் மேடு, மாரியாத்தா மேடு. மஞ்சத்தவளையின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்தால் போகும், நிறுத்தி வைத்தால் போகாது. ஒவ்வொரு மேட்டிலும் நாலு ஆட்களைக் கூப்பிட்டு, காரை முக்கித் தூக்கி, அந்தப் பக்கம் இறக்க வேண்டியிருந்தது. சம்பூரணம் உள்ளே உட்கார்ந்திருப்பாள். "அக்கா, சித்த எறங்கிக்கிட்டீங்கன்னா வெய்ட்டு கொறையுங்" என்று தூக்குகிறவர்கள் சொல்வார்கள். அவள் முதுகை வளைத்து, காலை விடுவித்து, கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி ஏறி வருவாள். மேடு தாண்டியதும் மறுபடி இறங்குவாள். இப்படியாக மாரியம்மன் கோயில்வரை போய்விட்டுத் திரும்பினால் அரை நாள் போய்விடும், முட்டிக்குத் தைலம் வேறு தேய்க்க வேண்டியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை தூக்குவதற்கு ஆள் அகப்படவில்லை, எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். மாரியாத்தா மேட்டு முன்னால் காரை நிறுத்திவிட்டு அர்த்தனாரி கீழே இறங்கி நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கை தானாக அதன் பழைய வேலையைச் செய்தது. ரிக் வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊரானாலும், எந்தக் காடானாலும், துளை போடுவதற்கு முன்னால் பூமியில் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, "தாயே, கொஞ்சம் எடங் குடு" என்று கேட்டுவிட்டுத்தான் இரும்பை இறக்குவார்கள். அர்த்தனாரி வேகத்தடையின் மேல் சூடம் கொளுத்தினார், தேங்காய் உடைத்தார், தண்ணீரைத் தெளித்தார், கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, கொஞ்சம் எடங் குடு" என்றார்.

வேகத்தடையை அதன் பிறவியில் யாரும் எதுவும் கேட்டதில்லை. அதன் மேல் ஏறியவர்கள் எல்லோரும் திட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், போட்டவனையும் அவன் தாயையும் சேர்த்து. முதல்தடவையாக ஒரு மனுசன் கும்பிட்டு மரியாதையாகக் கேட்டதும், அது ஒரு பக்கமாகப் புரண்டு, தாரிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொண்டு, வெள்ளைக் கோடுகளோடு எழுந்து, நகர்ந்து நகர்ந்து, வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"போலாம் வா புள்ள" என்றார் அர்த்தனாரி.

"நகர்றதுதான் நகருது, நெழல் பாத்துப் படுக்குது பாருங்க" என்றாள் சம்பூரணம்.

அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு மேட்டுக்கும் சூடம் கொளுத்திக் கேட்டார், ஒவ்வொன்றும் நகர்ந்து வழிவிட்டது. வழிவிட்டதோடு நின்றிருந்தால் சம்பூரணத்துக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை. அவை திரும்பிப் போய்ப் படுக்கவில்லை. கும்பிட்ட மனுசனைப் பிரிய மனமில்லாமல், மஞ்சத்தவளையின் பின்னாலேயே, பால் மறக்காத கன்றுகள் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால் வாசலெல்லாம் வேகத்தடை. கொடியில் துணி காயப் போட ஒன்றைத் தாண்ட வேண்டும், கிணற்றடிக்குப் போக இரண்டைத் தாண்ட வேண்டும், சமையலறை வாசப்படியில் ஸ்கூல் மேடு குறுக்கே படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது. "எங்க போனாலும் குறுக்கதான் படுக்கோணுமா? அக்கட்ட போயேன் சனியனே" என்று கரண்டியை ஓங்குவாள். அது கொஞ்சம் சுருங்கி, மறுபடி நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

ஊருக்கு இது பழக அதிக நாள் ஆகவில்லை. முதலில் சேர்மன் ஆள் அனுப்பினார், என்னோட மேட்டை எதிர்க்கட்சிக்காரன் மேட்டுப் பக்கத்தில் படுக்க விடாதீங்க என்று. அப்புறம் சேர்மன் வீட்டார் தங்கள் மேட்டுக்கு அடையாளத்துக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள், மாட்டுக்குக் கொம்பில் அடிக்கிற மாதிரி. மழை பெய்தபோது தெற்குக் காட்டுக்காரர் வந்து, "அண்ணி, ரெண்டு மேட்டைக் குடுத்தனுப்புங்க, வரப்பு ஒடையுது" என்று ஓட்டிக்கொண்டு போய்த் தண்ணீருக்குக் குறுக்கே படுக்க வைத்தார். சடங்கு வீட்டுக்காரர்கள் பந்திக்குப் பலகை பற்றாமல் இரண்டைக் கேட்டு வாங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சாயங்காலம் அவற்றின் மேல் உட்கார்ந்து பேன் பார்த்தார்கள். எல்லா மேட்டுக்கும் உடம்பு கதகதப்பாக இருந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஏதோ பஸ் தூரத்தில் உறுமுகிற மாதிரி கேட்கும். சம்பூரணம் வடகம் பிழிந்து மாரியாத்தா மேட்டின் மேல் காய வைத்தாள், திரும்பி வருவதற்குள் காய்ந்து கிடந்தது. உறை ஊற்றிய பாலை வைத்தாள், கையை எடுப்பதற்குள் தயிர். தயிரைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை, வாசல் கூட்ட வேண்டியிருந்தது.

ஆனால் ரோடு மொட்டையாகிவிட்டது. முன்பெல்லாம் மேட்டுக்காகப் பஸ் மெதுவாகும், அந்த நொடியில்தான் வெண்ணாம்பாளையத்துக்காரர்கள் தொற்றி ஏறுவது, இறங்குவது, ஜன்னல் வழியாகக் கடலை விற்பது எல்லாம். மேடு போன பிறகு எந்தப் பஸ்ஸும் அந்த ஊரை ஊராகவே மதிக்கவில்லை. கையைக் காட்டினால் டிரைவர் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார். இறங்க வேண்டியவர்கள் அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தார்கள். டீக்கடை மயில்சாமி காலி பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து சம்பூரணம் வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, என்ற யாவாரம் பூரா உங்க வாசல்லதான் படுத்துக் கெடக்குது. மாமனச் சொல்லி ஓட்டி உடச் சொல்லுங்க."

"உங்க மாமன் சொன்னாக் கேக்குமா இதுக? அவரு சொல்றதுக்குத்தான இங்க வந்து கெடக்குதுக."

உண்மைதான். அர்த்தனாரி தினமும் காலையில் ஒவ்வொன்றுக்கும் சூடம் காட்டி, திரும்பிப் போகும்படி கும்பிட்டுக் கேட்டார். அவர் கும்பிடக் கும்பிட அவற்றுக்குச் சுகமாக இருந்தது. போய்விட்டால் அப்புறம் யார் கும்பிடுவார்கள்?

இந்த நேரத்தில்தான் சென்னியப்பனுக்குக் காங்கயத்தில் பெண் அமைந்தது. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்து திரிந்து சம்பூரணத்தின் செருப்பு எத்தனையோ தேய்ந்திருந்தது. அப்பனும் ஆத்தாளும் இல்லாத தம்பி, அவள்தான் எல்லாம். அவர்கள் வழக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு: மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலைக் கூடையோடு வந்து, அவனோடு இணையாக நின்று சீர் செய்ய வேண்டும். அவள் வராமல், அந்தச் சேலை வராமல், தாலி கிடையாது. சென்னியப்பனுக்கு இருந்தது ஒரே அக்காள்.

முதல் நாள் சாயங்காலம் சொந்தபந்தம் எல்லாம் வேனில் கிளம்பியபோது சம்பூரணம் கூடையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அர்த்தனாரி ஓடி வந்தார்.

"மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா, நீ போயி ஆட்டு மந்தையாட்டம் வேன்ல எறங்குனா நல்லாருக்குமா? காலையில நாம தவளையில போறோம். மண்டபத்து முன்னால போய் நிக்கறோம். அத்தன ஒறம்பரையும் எந்திரிச்சு நிக்கோணும். இதுக்கில்லாம வேற எதுக்குப் புள்ள அந்தக் காரு?"

அவர் தொண்டை அடைத்துக்கொண்டு பேசினார், அந்த "அட" இன்னும் அங்கேதான் இருந்தது. சம்பூரணம் வேனிலிருந்து கூடையோடு இறங்கினாள். தன் வாழ்க்கையில் செய்த தப்பு என்று அவள் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

காலையில் அவள் பட்டுச்சேலை கட்டி, கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால், தவளையைச் சுற்றி நாலு பக்கமும் வேகத்தடைகள் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தன. மாலை போட்ட காரையும், பட்டு வேட்டி கட்டிய மனுசனையும் பார்த்து, அவர் ஒரேயடியாகப் போகிறார் என்று நினைத்துவிட்டன போலிருக்கிறது. அர்த்தனாரி சூடம் கொளுத்தினார், தேங்காய் உடைத்தார், "தாயே, எடங் குடு" என்றார். அவை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படுத்தன. "சாமி, அப்பனே, முகூர்த்தம் ஒம்போது மணிக்கு" என்றார். சொக்கிப் போய்க் கண்ணை மூடிய மாதிரி கிடந்தன. ராக்கியண்ணனை ஓடிப் போய்க் கூட்டி வந்தார். அவர் தேங்காயைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, இங்க தண்ணியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சம்பூரணம் கூடையோடு ரோட்டுக்கு ஓடினாள். காங்கயம் பஸ் வந்தது. கையைக் காட்டினாள். டிரைவர் சிரித்த முகமாகப் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த பஸ்ஸும் அப்படித்தான். ஊரில் இருந்த வண்டிகள் எல்லாம் முதல் நாளே கல்யாணத்துக்குப் போயிருந்தன, மிச்சமிருந்தது மயில்சாமியின் சைக்கிள்.

திரும்பி வந்தாள். புருசன் இன்னமும் ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். போனில் சென்னியப்பன், "அக்கா, எங்கக்கா வந்துட்டிருக்கிற? அருமைக்காரர் கேக்கறாரு" என்றான். சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரர் கனைக்கிற சத்தமும் கேட்டது. அவள் பக்கத்தில் கிடந்த மாரியாத்தா மேட்டின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அழுகையும் ஆத்திரமுமாக அதை ஓங்கி ஓர் அறை அறைந்தாள்.

"கும்பிட்டுக் கும்பிட்டுக் கெடுத்து வெச்சுருக்கறாரு உன்னைய! எத்தன வருசமாப் படுத்துக் கெடந்த கோயில் முன்னால? வந்த பஸ்ஸு, போன லாரி, ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி, ஒண்ணையாவது சும்மா உட்டிருப்பியா? அத்தன பேருகிட்டயும் வேகத்தைப் புடுங்கிப் புடுங்கி உள்ள வெச்சுக்கிட்டயே, எனக்கு இன்னிக்கு ஒரு நாளைக்கு அதுல கொஞ்சங் குடுத்தா உன்ற சொத்தா கொறஞ்சு போயிரும்?"

மேட்டுக்குள் உறுமல் கேட்டது. இத்தனை நாளும் தூரத்தில் கேட்ட உறுமல், இப்போது பக்கத்தில் கேட்டது. அது எழுந்தது. முன்பக்கம் கொஞ்சம் குழிந்து அவளுக்கு இருக்கை மாதிரி ஆனது. மற்ற மேடுகள் எல்லாம் தங்களில் பெரியவளுக்கு வழிவிட்டு ஒதுங்கின. வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறியதும், அது இத்தனை வருசமாக வாங்கி வைத்திருந்ததை எல்லாம் மொத்தமாக விட ஆரம்பித்தது: டவுன் பஸ்களின் வேகம், செங்கல் லாரிகளின் வேகம், புதுசாகக் கல்யாணமானவர்களின் மோட்டார் சைக்கிள் வேகம், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சைக்கிள் வேகம், மந்திரி வந்த நாளில் வரிசையாக வந்த கார்களின் வேகம், தேர்தல் ஜீப்புகளின் வேகம், பிரசவத்துக்குப் போன வண்டிகளின் வேகம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து.

வழி கிடைத்த அர்த்தனாரி தவளைக்குள் குதித்து, மிதித்தார். அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து முதல்தடவையாகக் கால் முழுசாக இறங்க மிதித்தார். தவளை தாவியது, மரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன, நத்தை கண்ணாடியோடு அப்பிக்கொண்டது. அவருக்கு முன்னால், எட்டாத தூரத்தில், கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு பெண்பிள்ளையின் பட்டுச்சேலை முந்தானை படபடவென்று பறந்தது. அவளை ஏற்றாமல் போன காங்கயம் பஸ்ஸை அது தாண்டிப் போனதை அவர் பார்த்தார். டிரைவருக்கு அவள் கை காட்டிவிட்டுப் போனதையும் பார்த்தார். ஒரு வளைவு வந்தது, முந்தானை திரும்பியது, மறைந்தது.

அர்த்தனாரியின் வாய் தானாகத் திறந்தது.

"அட!"

அத்தனை வருசம் தங்கியிருந்தது வெளியே வந்துவிட்டது. தொண்டை தெளிந்துவிட்டது. அவர் காலை எடுத்துவிட்டு, மெதுவாக, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மீதித் தூரத்தை ஓட்டினார்.

மண்டபத்து முன்னால் சம்பூரணம் இறங்கியபோது உறம்பரை அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அவள் கலைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நேராக உள்ளே போய், தம்பி பக்கத்தில் நின்று, "தள்ளி நில்லுடா, சட்டையெல்லாம் வேர்வை" என்று சொல்லிவிட்டு இணைச்சீர் செய்தாள். நேரத்துக்குத் தாலி ஏறியது. பந்தியில் பெண்ணின் பெரியப்பா அவள் இலைக்குப் பக்கத்தில் வந்து விசாரித்தார்.

"எதுலங் வந்தீங்க?"

"எங்கூரு ஸ்பீடு பிரேக்கர்லங்."

அவர் எட்டி வாசலைப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"மைலேஜ் என்னங் குடுக்குது?"

திரும்பி வரும்போது மாரியாத்தா மேட்டில் மூச்சு இல்லை, எல்லாம் தீர்ந்திருந்தது. "பொண்ணூட்டு வாசல்ல உட்டுட்டுப் போக முடியுமா, நம்மூரு பொருளு" என்றாள் சம்பூரணம். அது ஊர்ந்து ஊர்ந்து முன்னால் போக, மஞ்சத்தவளை அதன் பின்னாலேயே ஊர்ந்தது. மாட்டு வண்டிகள் ஆரன் அடித்து அவர்களைத் தாண்டிப் போயின. வீட்டில் மற்ற மேடுகள் பெரியவளின் கதியைப் பார்த்தன. உள்ளே காலியாகிவிட்டால் எவ்வளவு ஈனமாக இருக்கும் என்று புரிந்ததோ, பசிதான் எடுத்ததோ, இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றாகப் போய் அதனதன் இடத்தில் படுத்து, வருகிற வண்டியிடம் மறுபடி பறிக்க ஆரம்பித்தன. பஸ் நின்றது. மயில்சாமி பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனான். மாரியாத்தா மேடு மட்டும் போகவில்லை, சம்பூரணம் வாசலிலேயே குறுக்கே படுத்துக்கொண்டது. அவள் போகவும் சொல்லவில்லை. தினமும் திட்டினாள், அதுவும் கேட்டுக்கொண்டது.

மஞ்சத்தவளையை விற்றுவிடலாம் என்று அர்த்தனாரியே சொன்னார். கோயமுத்தூரிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் வாங்க வந்தான். சுற்றிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், உள்ளே உட்கார்ந்து மோந்து பார்த்தான். எல்லாம் பிடித்துத்தான் இருந்தது, ஒரே ஒரு சந்தேகம்.

"இவ்வளவு நல்ல வண்டிய ஏனுங்க குடுக்கறீங்க?"

அர்த்தனாரி பதில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பொண்டாட்டியைப் பார்த்தார். சம்பூரணம் வாசலில் கிடந்த மேட்டின் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"மெதுவாப் போகுதுங்க."